வட்டக்கச்சிக்குப் போன கணினி

2025 ஆம் ஆண்டின் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு வட்டக்கச்சியிலிருந்து என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த நெல்லை விற்று, உரக்கடைக் கடனையும் உழவு இயந்திரக் கூலியையும் கொடுத்து முடித்தபின் கையில் 85,000 ரூபா மிஞ்சியிருப்பதாகவும், அதில் மகளுக்கு ஒரு கணினி வாங்கவேண்டும் என்றும் சொன்னான். அவள் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறாள். பைதான் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதும் பாடமும் அதில் உண்டு. பாடசாலைக் கணினியில் கிடைக்கும் நேரம் போதவில்லையாம்.

"அண்ணை, நீங்கள்தான் பார்த்து எடுத்துத் தரவேணும். பிழைச்சுதெண்டால் இனி அடுத்த போகம் மட்டும் ஒண்டும் செய்யேலாது" என்றான்.

செய்தி எழுதிப் பிழைப்பவன் நான், படித்தது கலைப்பட்டம். கணினிக்குள் ஓடும் மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட, வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பற்றித் தம்பிக்கு அதிகம் தெரியும். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில்தான் எழுதி வருகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு முன்னர் நான் விட்ட பிழைகளோ அவனுக்குத் தெரியாது. தொலைபேசியை வைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அந்தப் பிழைகளே.

2006 ஆம் ஆண்டு. அப்போது நான் வவுனியாவில் இருந்தேன். உபுண்டு என்னும் லினக்ஸ் வெளியீட்டின் இறுவட்டுகளைக் கேட்பவர்களுக்கெல்லாம் உலகெங்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011 வரை நடந்த அந்தத் தானத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. தபாற்காரர் கொண்டுவந்து தந்த உறையைப் பிரித்து, அன்றிரவே கணினியில் ஏற்றினேன். திரை அழகாக வந்தது, எழுத்து வந்தது, பாட்டுக்கூட வந்தது. இணையம் மட்டும் வரவில்லை. தொலைபேசிக் கம்பியில் இணையத்தை இழுத்துத் தரும் மோடத்தை லினக்ஸ் அடையாளமே காணவில்லை. மறுநாள் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பவேண்டும். ஏ-9 பாதை மூடப்பட்டு, நாளுக்கொரு செய்தி வந்துகொண்டிருந்த காலம். விடிவதற்குள் மீண்டும் விண்டோஸுக்கே திரும்பினேன்.

அது லினக்ஸின் குறை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் காரணம் விளங்கியது. மலிவு மோடங்களைச் செய்தவர்கள், மோடம் செய்யவேண்டிய வேலையில் பெரும்பகுதியை அந்த அட்டையிலிருந்து எடுத்துவிட்டு, விண்டோஸில் மட்டும் இயங்கும் ஒரு மென்பொருளின் தலையில் சுமத்தியிருந்தார்கள். வின்மோடம் என்று அவற்றுக்குப் பெயரே இருந்தது. அட்டை வெறும் கூடு, உயிர் மென்பொருளில். அந்த மென்பொருளின் மூலநிரலையும் வெளியிடவில்லை, அட்டை எப்படி வேலை செய்கிறது என்ற விபரத்தையும் வெளியிடவில்லை. பிறர் எப்படி அதற்கு லினக்ஸில் உயிர் கொடுப்பது?

இரண்டாவது பிழைதான் பெரிது. 2010 முதல் 2012 வரை, முகாம்களிலிருந்து வன்னிக்குத் திரும்பிக் குடியேறிய மக்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றை நாள்தோறும் கணினியில் பதிந்து வந்தேன். தகரக் கொட்டில்களின் கீழ் இருந்து கேட்ட கதைகள். பத்திரிகையில் வந்தது பத்தில் ஒரு பங்கும் இல்லை. விலைகொடுத்து வாங்காத விண்டோஸ், யார் யாரோ செருகிய பென்டிரைவ்கள், அவற்றின் வழி வந்த வைரஸ். ஒரு நாள் கணினி எழும்ப மறுத்தது. திருத்தக் கொடுத்த இடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் வன்தட்டை முழுவதுமாக அழித்துப் புதிதாக்கித் தந்தார்கள். அந்தப் பொடியனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிரதி எடுத்து வைக்காதது என் குற்றம். ஆனால் அந்த மனிதர்களில் சிலர் இன்று உயிருடன் இல்லை. அவர்கள் சொன்னவற்றை இனி யாரிடம் போய்க் கேட்பது?

அதன்பிறகுதான் லினக்ஸுக்கு முழுதாக மாறினேன். இம்முறை இயங்குதளத்துக்கு ஏற்ற பொருளை முதலில் தேடினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே அதைச் செய்திருந்தால் என் குறிப்புகள் தப்பியிருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. ஆகவேதான் தம்பியின் 85,000 ரூபாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன் ஒரு கிழமை படித்தேன்.

ஏன் லினக்ஸ் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ, பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபின், புதுக் கணினி விவசாயி ஒருவரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. எட்டிய உயரத்தில் இருப்பவை, வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட ஐந்தாம், ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள். அவற்றின் ஆயுள் முடியவில்லை. விண்டோஸ் அவற்றைக் கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். லினக்ஸ் கைவிடவில்லை.

ஆனால் எல்லாப் பொருளையும் லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும் என்றும் இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஓகஸ்ட் 25 ஆம் திகதி தன் புதிய இயங்குதளத்தைப் பற்றி முதன்முதல் அறிவித்தபோது, தன்னிடம் உள்ள வகை வன்தட்டைத் தவிர வேறெதையும் அது ஒருபோதும் ஆதரிக்காமல் போகலாம் என்று அடக்கத்துடன் எழுதினார். தன்னிடம் இருந்த ஒரே கணினிக்காக ஒருவர் எழுதத் தொடங்கியது அது. பிறகு உலகெங்கும் இருந்தவர்கள் தங்கள் தங்கள் பொருட்களுக்கான இயக்கிகளை எழுதிச் சேர்த்தார்கள். டிரைவர் என்று நாம் சொல்வது இதைத்தான்: ஒரு பொருளின் பாஷையை இயங்குதளத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் சிறு நிரல். இன்று லினக்ஸ் கருவின் மூலநிரலில் பாதிக்கு மேற்பட்டது இத்தகைய இயக்கிகளே. விபரத்தை வெளியிட்டவர்களின் பொருள் அதற்குள் இலகுவாக வந்து சேர்ந்தது. மறைத்தவர்களின் பொருளுக்கு, யாராவது பொறுமையாக உளவறிந்து எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இதற்கும் பத்து ஆண்டுகளுக்கு முந்திய கதை ஒன்று உண்டு. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் காகிதம் அடிக்கடி சிக்கியது. பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கினால் உரியவருக்குச் செய்தி போகும்படி செய்திருந்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், புதியதற்கும் அப்படிச் செய்ய முனைந்தார். மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983 செப்டம்பர் 27 ஆம் திகதி அவர் அறிவித்த குனு திட்டத்தின் பின்னணியில் அந்த மறுப்பின் கசப்பும் இருந்தது. தன் அறையில் உள்ள இயந்திரத்தைத் தானே திருத்த முடியாத நிலை அவருக்குப் பொறுக்கவில்லை.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 இலிருந்து பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. ஒஸ்டின் ஏ-40 கார்களைச் சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். நான் செய்தியாளன் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டதே அப்படிக் கேட்ட செய்திகளால்தான். அந்தக் காரும் டைனமோவும் எப்படித் தாக்குப்பிடித்தன? நமது மெக்கானிக்குகள் அவற்றைத் திறந்து பார்க்க முடிந்தது; எது எதற்காக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பது தெரிந்த பொருள் தடைக்காலத்திலும் ஓடும். தெரியாத பொருள், செய்தவன் கைவிட்ட அன்றே நின்றுவிடும். கணினிப் பொருள் தெரிவுக்கும் நான் கைக்கொண்ட அளவுகோல் இதுவே.

ஒரு சனிக்கிழமை பெறாமகளையும் அழைத்துக்கொண்டு கிளிநொச்சி நகருக்குப் போனேன். சட்டைப்பையில் ஒரு பென்டிரைவ். அதில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றியிருந்தேன். வன்தட்டில் எதையும் எழுதாமல், பென்டிரைவிலிருந்தே முழுக் கணினியையும் இயக்கிப் பார்க்கலாம். வாங்குமுன் மாட்டை உழவில் பூட்டிப் பார்ப்பதைப் போன்றது இது.

முதற்கடையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று நீலமும் சிவப்புமாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. "பெரியப்பா, இதிலை லைற் எல்லாம் எரியுது" என்றாள் பிள்ளை, மெதுவாக. ஆசை யாரை விட்டது! விலை தம்பியின் பணத்தைப்போல் இரு மடங்கு, அது வேறு. உள்ளே இருந்தது பழைய என்விடியா வரைகலை அட்டை. 2012 இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் டோர்வால்ட்ஸ், தாங்கள் பழகிய நிறுவனங்களிலேயே மோசமானது அதுதான் என்று பகிரங்கமாகச் சாடி, கமெராவைப் பார்த்து விரலாலும் சைகை காட்டினார். 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் புதிய அட்டைகளுக்கான கரு இயக்கிகளின் மூலநிரலை வெளியிட்டது உண்மை. ஆனால் பழைய அட்டைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றின் மூடிய இயக்கிகள் ஒவ்வொன்றாக ஆதரவு இழந்து வருகின்றன. இரண்டாம் கையாக வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பழையவையே. மாறாக ஏ.எம்.டி. நிறுவனம் 2006 இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கியபின், 2007 முதல் தன் வரைகலைச் சில்லுகளின் விபரங்களை வெளியிடத் தொடங்கியது. இன்டெலின் செயலியோடு ஒட்டி வரும் வரைகலைக்கு, அந்நிறுவனமே எழுதிக் கொடுத்த இயக்கி லினக்ஸ் கருவுக்குள்ளேயே இருக்கிறது. பைதான் படிக்கும் பிள்ளைக்கு அதற்குமேல் தேவையில்லை. பென்டிரைவைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அப்பிடி எல்லாம் செய்யேலாது ஐயா" என்றார்கள். வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே அனுமதித்தார். அலுவலகங்களில் பாவித்த, பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. டெல் நிறுவனத்தின் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. யின் எலைட்டெஸ்க், லெனோவோவின் திங்க்சென்டர் ஆகிய வரிசைகளை நான் தேடிப்போனதற்குக் காரணம் உண்டு. ஒரே மாதிரியைப் பல்லாயிரக்கணக்கில் செய்து நிறுவனங்களுக்கு விற்றவை அவை. லினக்ஸில் சோதித்துச் சான்று வழங்கப்பட்ட பட்டியல்களில் அவற்றின் பல மாதிரிகள் உள்ளன. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் முன்னரே அதில் முட்டி மோதி வழி கண்டிருப்பார். நேற்று வந்த சில்லை இன்று லினக்ஸுக்கு வாங்கவேண்டாம், ஓராண்டாவது பழகியதை வாங்குங்கள் என்பது என் அனுபவம்.

முதலில் எடுத்த இயந்திரம் நன்றாகவே எழும்பியது. தூங்கவைத்து எழுப்பிப் பார்த்தபோது திரை இருண்டே கிடந்தது. மூன்று முறை முயன்றோம். அதை அப்படியே வைத்துவிட்டு, ஆறாம் தலைமுறை ஐ5 செயலி கொண்ட இன்னொன்றை எடுத்தோம். திரை, ஒலி, வலையமைப்புக் கம்பி, முன்னும் பின்னும் உள்ள யூ.எஸ்.பி. துளைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிள்ளையே சோதித்தாள். பிறகு முனையத்தைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையை இடச் சொன்னேன். உள்ளே உள்ள ஒவ்வொரு பாகத்தின் பெயரும், உரிய தெரிவுகளைச் சேர்த்து இட்டால் அதன் அடையாள எண்ணும், அதற்குப் பொறுப்பேற்றிருக்கும் இயக்கியின் பெயரும் வரிசையாக வரும். இயக்கியின் பெயர் இல்லாத பாகம் சம்பளம் வாங்கி வேலை செய்யாத உத்தியோகத்தரைப் போன்றது.

"இதென்ன பெரியப்பா, எல்லாத்திலையும் 8086 எண்டு கிடக்குது?" என்று கேட்டாள். அது இன்டெல் நிறுவனத்துக்குரிய அடையாள எண். 1978 இல் அந்நிறுவனம் வெளியிட்ட, இன்றைய கணினிகளின் மூதாதையான 8086 செயலியின் பெயரையே தன் எண்ணாக வைத்துக்கொண்டது. வரைகலையும் அதுவே, வலையமைப்பும் அதுவே, ஒவ்வொன்றின் அருகிலும் இயக்கியின் பெயர். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வைஃபையில் மட்டும் சறுக்கினோம். கடையில் இருந்த சிறு வைஃபை செருகியைப் போட்டால் அசைவே இல்லை. இந்தச் செருகிகளில் ஒரு சூது உண்டு. பெட்டியின் மேல் ஒரே பெயர், ஒரே படம். ஓரத்தில் சிறிய எழுத்தில் பதிப்பு எண் மட்டும் மாறியிருக்கும். உள்ளே உள்ள சில்லு முற்றிலும் வேறு நிறுவனத்துடையதாக இருக்கும். ஆகவே பெட்டியின் பெயரைக் கேட்டு வாங்கவே கூடாது, சில்லின் பெயரைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். அதெரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 போன்ற சில்லுகளுக்கு நல்ல ஆதரவு உண்டு. முன்னர் இதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது: வைஃபை வேலை செய்ய ஒரு கோப்பை இணையத்திலிருந்து இறக்கவேண்டும், இணையத்துக்குப் போகவோ வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. 2023 இல் வந்த டெபியன் 12 முதல் அத்தகைய கோப்புகளை நிறுவும் வட்டிலேயே சேர்த்துத் தருகிறார்கள். எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. கையடக்கத் தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து இணையப் பகிர்வை இயக்கினேன். உடனே இணையம் வந்தது. வட்டக்கச்சியில் தம்பி வீட்டுக்கு இணையம் வருவதே தொலைபேசி வழியாகத்தானே. செருகியைத் திருப்பிக் கொடுத்தோம்.

மிஞ்சிய பணத்தில் புதிய எஸ்.எஸ்.டி. வன்தட்டு ஒன்று வாங்கினேன். யாரோ பாவித்துத் தேய்ந்த வன்தட்டில் பிள்ளையின் எழுத்தை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு யூ.பி.எஸ். வாங்கினேன். வன்னியில் இடிமின்னல் காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும். அந்தத் தட்டுதலில் சாகும் கணினிகளே அதிகம். பிரதி எடுக்க ஒரு தனி வன்தட்டும் வாங்கினேன். அதை என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். ஏன் என்று பிள்ளையிடம் சொல்லவில்லை.

அச்சுப்பொறியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். வாங்கும்போது மோடத்தின் பாடத்தை நினைவில் வைக்கவேண்டும். வேலையை விண்டோஸின் தலையில் சுமத்தும் மலிவு அச்சுப்பொறிகள் இன்னும் சந்தையில் உள்ளன. போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்ததோ, தனி இயக்கி இல்லாமலே அச்சிடும் ஐ.பி.பி. முறைக்கு இசைந்ததோ, எச்.பி. தானே லினக்ஸுக்கு இயக்கி தரும் மாதிரிகளில் ஒன்றோ என்று பார்த்து வாங்கினால் துன்பம் இல்லை.

விசைப்பலகைக்குத் தனித் தெரிவு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எந்த விசைப்பலகையும் போதும். தமிழ்99 அமைப்பு லினக்ஸோடு கூடவே வருகிறது. நமது நாட்டின் ரெங்கநாதன் அமைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். பாமினியில் பழகிய என் விரல்கள் யூனிகோடுக்கு வர மூன்று மாதம் பிடித்தது. அவளுக்கு மூன்று நாள் போதுமாயிருந்தது.

மறு ஞாயிறு வட்டக்கச்சியில் அதைப் பூட்டினோம். நிறுவி முடிய அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவுதானோ அண்ணை?" என்றான். இவ்வளவுதான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர் வவுனியாவில் ஓர் இரவு முழுக்க முட்டி மோதியவனுக்கு அந்த அரை மணித்தியாலம் எவ்வளவு பெரியது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

பிறகு பிள்ளையை அருகில் இருத்தி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தனி வன்தட்டைச் செருகிப் பிரதி எடுக்கும் முறையைக் காட்டினேன். "இதை மட்டும் ஒருநாளும் மறக்கக்கூடாது, பிள்ளை" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ தெரியவில்லை; ஏன் என்று கேளாமல் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

இப்போது மாலை வேளைகளில் அவள் தன் அம்மம்மாவை இருத்திவைத்து, இரணைமடுவின் கீழ் காடு வெட்டிக் குடியேறிய காலத்துக் கதைகளைக் கேட்டு அதில் தட்டச்சு செய்கிறாளாம். நான் சொல்லவில்லை, அவளாகவே தொடங்கியிருக்கிறாள். சென்ற கிழமை முதற்பகுதியை எனக்கு அனுப்பியிருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தி அனுப்பினேன்.